ஒரு கரண்டி பதம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம். வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடல் பக்க யன்னலைப் பூட்டியாயிற்று;
உப்புக் காற்று ஏர்பிரஷ் ஊசிக்கு ஆகாது.

புறக்கோட்டையில் நான் கேட்ட சிவப்பு இல்லை.
"கப்பல் வரேல்லை" என்றான் கடைப் பெடியன்.
கப்பலுக்குத்தான் கேட்கிறேன் என்று சொல்லாமல்
செங்கல் சிவப்பு ஒன்று, தோடம்பழ நிறம் ஒன்று,
விலையைக் கேட்டு மூச்செடுத்து வாங்கி வந்தேன்.

அக்ரிலிக் என்றால் மணமில்லை, ஆனால் ஊசி நுனியில் உறையும்.
லக்கர் வழுக்கிக்கொண்டு போகும்,
கீழ்வீட்டு மிசிஸ் அபேநாயக்க மேலே ஏறி வருவார்.
லக்கர்தான் எடுத்தேன்.

துறைமுகத்து இழுவைப் படகு,
என் மேசையில் ஒரு சாண்.
பகலில் பொய்ப்பல்லுக்கு நிறம் பார்ப்பது என் தொழில்.
பல்லில் படித்தது: எவருடைய வெள்ளையும் வெள்ளை இல்லை.
படகில் படித்தது: உருவத்தைக் குறைத்தால்
நிறத்தின் குரலையும் குறைக்க வேண்டும்.
அசல் சிவப்பை அப்படியே அடித்தால்
விளையாட்டுச் சாமான் மாதிரிக் கத்தும்.
கரையில் நின்று பார்க்கிற கண்ணுக்கும் படகுக்கும்
நடுவே கிடக்கிற காற்றையும் சேர்த்துப் பூச வேணும்.
பத்துத் துளிக்கு ஒரு துளி வெள்ளை:
அதுதான் அந்தக் காற்று.

பிறகு தின்னர்.
பாகுப் பதம் என்றால் துப்பும்.
தண்ணிப் பதம் என்றால் சிலந்திக்கால் ஓடும்.
பால் பதம் என்பார்கள். எந்தப் பால்?
எங்கள் வீட்டுப் பால் மா கரைத்த பால், கட்டி நிற்கும்.
பழைய காலுறையில் வடித்து, கிண்ணத்துச் சுவரில் ஏற்றிவிட்டால்
கொஞ்சம் யோசித்து இறங்க வேண்டும்,
பின்னால் மெல்லிய தோல் ஒன்றை விட்டுவிட்டு.

வட்டிலப்பம் தின்ற பிளாஸ்டிக் கரண்டிகளைக் கழுவி
முதுகு காட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன்.
ஒரு பானைக்கு ஒரு சோறு,
ஒரு கப்பலுக்கு ஒரு கரண்டி.
எனக்கு ஏழு தேவைப்பட்டது.

வலது பக்கம் நன்றாக அமைந்தது.
இடது பக்கம் தொடங்க, மழையும் தொடங்கியது.
லக்கர் ஈரத்தைக் கண்டால் முகம் வெளிறும்.
முன்னணியம் முதல் பின்னணியம் வரை
வெள்ளைப் புகார் படிந்துவிட்டது.
கம்பிரசரை நிறுத்தி
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், தமிழில்.
ஈரம் பிடிக்கிற குப்பிக்குள் அரைக் கரண்டித் தண்ணீர்:
கொழும்பின் காற்றைப் பிழிந்து எடுத்தது.

அப்போதுதான் நிஸ்தார் நானா வந்தார், சொல்லாமல்.
அந்தப் படகின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருஷம்.
நல்ல பக்கத்தை அவருக்குத் திருப்பி வைத்தேன்.
"கலர் சரிதான்" என்றார்.
அந்தத் 'தான்' எனக்குக் குத்தியது.

தானாகவே திருப்பினார்.
கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்,
பிழை கண்ணாடியில் என்று நினைத்தவர் போல.
போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.
"சுபஹுக்கு முந்தி, பைலட் ஏற முந்தி
இப்படித்தான் நிக்கும்.
இத எப்பிடிப் புடிச்சீங்க?"

ரிட்டார்டர் கொஞ்சம் கலந்து மேலால் ஒரு சுற்று அடித்தால்
புகார் போய்விடும்.
போத்தல் என் கையில்தான் இருந்தது.
மூடியைத் திருகி இறுக்கினேன்.

வலது பக்கம் மத்தியானம், இடது பக்கம் விடியல்,
நடுவில் ஒரு புகைபோக்கி.
பில்லில் எழுதினேன்: சிவப்பு, வெள்ளை, தின்னர், கூலி.
மழைக்குக் காசு போடவில்லை.