மறுகா

செவ்வாய் இரத்தத்துக்கு.
வியாழன் மனதுக்கு.
சனி, கல்லடிப் பாலத்துக்கு அப்பால்,
தூளை விடுவதற்கு.

வாழைச்சேனையிலிருந்து மூன்று பஸ்,
படகு முதலாளியிடம் மூன்று தரமும் ஒரே பொய்:
பல் வலி.
ஒரு வருஷத்தில் என் வாயில்
பல்லே மிஞ்சியிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை டொக்டர் நல்ல மனிசன்.
குளிசை ஒழுங்காப் போடுறீங்களா என்று கேட்டார்.
தூள் இழுக்கிற இரவுகளில் மறந்துபோகுது என்றேன்.
அது சனிக்கிழமைக் கதை, அங்கே சொல்லுங்க.
சனிக்கிழமைக்காரர் கேட்டார்: ஏன் இழுக்கிறாய்?
நித்திரை இல்லை, கடல் தலைக்குள்ளே நின்று இரையுது.
அது வியாழக்கிழமை, என்றார்.
வியாழக்கிழமை, சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல்
வேறு ஏதும் மருந்து எடுக்கிறீரா என்று உரத்துக் கேட்டபோது
பின் வாங்கில் எங்கள் ஊர் வான்காரன் இருந்தான்.
ஒன்றுமில்லை, என்றேன்.

மூன்று வாசலிலும் வழியனுப்பியது ஒரே சொல்:
மறுகா வாங்க.

மறுகா நான் போகவில்லை.
இரண்டு மாரி.
பலநாள் படகு, ஆழக்கடல்,
மீனுக்குப் போட்ட ஐஸுக்குள் புதைத்துவைத்த
மற்ற ஐஸ்.
ஒரு விடியலில் குளிசைப் போத்தலைக் கடலில் எறிந்தேன்.
தாழவில்லை அது.
படகோடு கூடக் கூட வந்தது,
விரட்டியும் போகாத நாய்க்குட்டி மாதிரி.

கரைக்கு என்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

வார்டிலிருந்து எழும்பி நடந்தபோது
அதே நடை, அதே பினாயில் வாசம்.
துடைப்பங்களும் வாளிகளும் கிடந்த அறையை ஒதுக்கி
மூன்று கதிரை போட்டிருந்தார்கள்.
கதவில் பெயர்ப்பலகை இல்லை, அது பெரிய உதவி.
கிறீச்சிடும் ஒரு மின்விசிறி.
ஒரே ஒரு கோவை.

ஏறாவூர் நஸீஹா பேனையை மூடிவைத்துவிட்டு
சொல்லுங்க நேசதுரை, என்றா.

குளிசை போட மறந்தேன்.
மறுகா?
மறந்துபோனதில் பயம் வந்தது.
மறுகா?
பயத்தில் நித்திரை போனது.
மறுகா?
நித்திரைக்காக இழுத்தேன். இழுத்ததில்
குளிசை போட மறந்தேன்.

அவ ஒன்றும் எழுதவில்லை.
மூன்று துண்டாய் வெட்டி
மூன்று சந்தையில் நான் விற்றுத் திரிந்த மீன்
தலையும் வாலுமாய் மேசையில் கிடந்தது.
நாறியது.
ஆனாலும் முழு மீன்.

மறுகா நடந்தது சின்ன விஷயம்.
இந்த நித்திரைக் குளிசை
அந்தக் குளிசையோடு சண்டை பிடிக்குமா என்று
டொக்டர் கதிரையைத் திருப்பி
பக்கத்துக் கதிரைக்காரரைக் கேட்டார்.
அவ்வளவுதான்.
கதிரையைத் திருப்பினார்.
இத்தனை காலம் இவர்கள் இருவருக்கும் நடுவில்
பஸ்ஸில் ஏறி இறங்கியது நான்.

எப்படி வந்தது என்று நீங்களும் கேட்காதீங்க.
அவ கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன், ஐந்தாம் செவ்வாய்.

சுகமாகிவிட்டேன் என்று யாரும் எழுதவேண்டாம்.
வைரஸ் எண்ணிக்கை இறங்குது,
பூச்சியம் இன்னும் தூரத்தில்.
குளிசை இப்போது சத்து மாத்திரை டப்பாவில்,
இயந்திரப் பெட்டிக்குப் பின்னால்.
இரவு எட்டு மணிக்கு றேடியோச் செய்தி தொடங்கும்போது
தண்ணீர் குடிக்க எழும்புவேன்.
முதலாளிக்கு இன்னும் பல் வலிதான்.
மாதத்துக்கு ஒரு பல்.

மாசியில் ஒரு தரம் இழுத்தேன்.
பொலித்தீன் பையைக் கசக்கிக் கசக்கி
அடுத்த செவ்வாய் அந்தக் கதிரையில் இருந்து சொன்னேன்.
அவட முகம் மாறுமா என்று பார்த்தபடி.

மின்விசிறி அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் வந்தது.

மறுகா? என்றா.