புள்ளி இல்லாத பெயர்

துருக்கிக்காரர்களிடம் ஓர் எழுத்து உண்டு,
தலையில் புள்ளி வைக்காத ஐ.
சொல்வது நமக்கு எளிது.
'காசு' என்னும்போது உதடு குவியாமல்
கடைசியில் தேய்கிறதே ஓர் உகரம், அதுதான்.
அது மூன்று முறை வரும் ஒரு பெயர்: சுனுக்சு.
முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறவர்.

சீவாஸ் பக்கம், முழங்கால் வரை பனி.
வீட்டுக்கொரு குடும்பப்பெயர் வேண்டும் என்று சட்டம்;
பதிவேட்டோடு வந்தார் குமாஸ்தா ரெம்சி.
"இது யார் வீடு?"
"எலும்பு கட்டுகிற வீடு" என்றது தெரு.
எழுதினார்:
குடும்பத் தலைவர் பெக்கிர், சுனுக்சு.
பெக்கிர் கழுதை ஓட்டுகிறவன்.
கோழி நொண்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
மனைவி குலிசார். தொழில்: இல்லை.

இல்லை என்று எழுதிய கை
போன வெள்ளிக்கிழமை வழுக்கி விழுந்து ஒடிந்த கை.
முட்டை வெள்ளை, சோப்புச் சீவல், ஆட்டு ரோமம்,
நாலு மரச்சிம்பு.
அவள் போட்ட கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.
விரல் நுனியில் பேனாவைப் பிடித்து
மெல்ல மெல்ல எழுதினார். நல்ல கையெழுத்து.
அவள் எட்டிப் பார்த்தது பதிவேட்டை அல்ல.
"விரல் வீங்கியிருக்கா?" என்றாள்.

பெக்கிரின் பேரன் இரும்பாலைக்குப் போனான், டூயிஸ்பர்க்.
ஜெர்மன் தட்டச்சில் அந்த எழுத்து கிடையாது.
மூன்று தலையிலும் புள்ளி விழுந்தது: சினிக்சி.
துருக்கியில் சினிக் என்றால்
ஒடுங்கிப் பதுங்குகிறவன்.
சம்பளச் சீட்டைச் சரிபார்த்தவன்
தொகையை மட்டும் பார்த்தான்.

இந்த மார்ச்சில் அவன் மகன் நெவ்சாத்
டிராம் தண்டவாளத்தில் சைக்கிளோடு விழுந்தான்.
அவசரப் பிரிவு ஜன்னலில் ஒரு பெண்,
சட்டையில் பெயர்: பாடர்.
அந்த நாட்டில் ஒரு காலத்தில் பாடர் என்றால்
குளியலறைக் கடை வைத்து, முடி வெட்டி,
பல் பிடுங்கி, ரத்தம் இறக்கி,
கேட்டால் எலும்பும் கட்டியவர்.
அவளுக்குத் தெரியாது. அவனுக்கும்.
ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் அவளுக்கு,
மேசை வேலை கேட்டு வாங்கியிருந்தாள்.

இரண்டு வைத்தியர்கள், கண்ணாடிக்கு இருபுறமும்.
நடுவில் ஒரு மணிக்கட்டு.
ஐந்து மணி நேரம் ஆகும் என்றாள்.

"இங்கே கையெழுத்து."
இடது கையால் கிறுக்கினான்.
வலியில் புள்ளி வைக்கப் பொறுமையில்லை.
அவள் தாளைத் திருப்பிப் பார்த்து,
"விட்டுப்போச்சே" என்று
தானே மூன்று புள்ளி வைத்தாள்.