சாம்பல் விழும் ஊர்

புதுவயலில் சாம்பல் புதனுக்கென்று
தனியாக எதையும் எரிக்கத் தேவையில்லை.
மில்லின் உமிச்சாம்பல் வருஷம் முழுக்க
கொடிச் சேலையில், மூடாத குடத்தில்,
மாதா கெபியின் நீல முக்காட்டில்
இறங்கிக்கொண்டே இருக்கும்.
'மண்ணாய் இருக்கிறாய்' என்று சாமியார்
நெற்றியில் கோடிழுத்த அன்று
களத்திலிருந்து அப்படியே போயிருந்தேன்.
ஏற்கெனவே இருக்கிறது சாமி
என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்
அது மூன்றாவது தவக்காலம்.

செவ்வாயும் வெள்ளியும் காரைக்குடி.
நாலே முக்கால் பஸ்.
ஜெபமாலையில் துக்க தேவரகசியமும்
அந்த இரண்டு கிழமைக்குத்தான்.
ஆஸ்பத்திரியில் அட்டை எழுதிய பையன்
அதைப் பார்த்தா எழுதினான்?

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்,
மாத்திரைக்கும் ரசத்துக்கும் சேர்த்து.
பங்குனி வெயிலில் சுவரைப் பார்த்துச் சொல்வார்:
தாகமா இருக்கு.
பெரிய வெள்ளியன்று மைக்கில்
எத்தனை வருஷம் கேட்ட வார்த்தை.
என் வீட்டில் மைக் இல்லாமல் வந்தது.
அடுப்படிக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு
சத்தம் வராமல் குடித்தேன்.
அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கிய வெட்கத்தை
எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

வந்தவர்கள் சொன்னார்கள்:
தாங்குகிற பாரத்தைத்தான் ஆண்டவர் தருவார்.
பொன்னை நெருப்பில்தானே புடம்போடுவார்கள்.
காபி குடித்துவிட்டுப் போனார்கள்.
நான் மில்லில் நெல் அவிக்கிறவள்.
வெந்து காய்ந்த நெல் அரைவையில் உடையாது, சரிதான்.
நெல்லிடம் யாரும் கேட்டதில்லை.

ஆறு மாதம் பூசைக்குப் போகவில்லை.
ஜெபமாலை மருந்துச்சீட்டு டப்பாவுக்குள் கிடந்தது.

அவர் இடது மணிக்கட்டில்
இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
தொட்டால் உள்ளே ஓர் இரைச்சல்,
தூரத்தில் பாய்லர் ஓடுகிற மாதிரி.
நர்ஸ் கார்குழலி சொன்னது:
தெனமும் காலையில வெரல் வச்சுப் பாருங்க.
நின்னுட்டா ஒடனே ஓடி வாங்க.

வைத்தேன். எழுந்ததும், முகம் கழுவுமுன்,
தழும்பின்மேல் இரண்டு விரல்.
இருக்கிறது.
மறுநாளும் இருக்கிறது.
எந்த நாள் என்று தெரியாது,
விரல் அங்கேயே இருக்க
உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது.
தோமையாரை நாங்கள் சந்தேகக்காரர் என்றே படித்தோம்.
காயத்தைத் தொடவேண்டும் என்று கேட்ட
ஒரே ஆள் அவர்தான் என்று
மறைக்கல்வி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன். பத்தொன்பது வயசு.
கல்லலிலிருந்து அம்மாவோடு வருவான்.
அவள் நெற்றியில் திருநீறு வியர்வையில் கலைந்திருந்தது.
'சிலுவ போட்டிருக்கீங்களே,
ஒங்க சாமிகிட்ட இவனுக்கும் ஒரு வார்த்த...'
என் கணக்கே பாக்கி என்று வாயெடுத்தேன்.
அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
சொன்னேன். நீளமாகவே சொன்னேன்.
என் வீட்டுக்காரர் பெயர் அதில் வரவேயில்லை என்பது
திரும்பும்போது, பஸ்ஸில்தான் உறைத்தது.
பயமாக இருந்தது முதலில்.
பிறகு, நெஞ்சுக்குள் யாரோ
ஒரு மூட்டையை நகர்த்தி வைத்த மாதிரி
நிற்பதற்கு இடம்.

அவருக்குக் குணமாகவில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அடுப்படியில் செம்பை எடுக்கும்போது
உள்ளேயிருந்து குரல்:
ஒளிஞ்சு குடிக்காத பெர்னத்து.
மூணு வருஷமா சத்தம் கேக்குது.
இங்க வந்து குடி.
நீ குடிக்கிறதப் பாத்தா கொஞ்சம் ஆறுது.

போய் எதிரில் உட்கார்ந்தேன்.
தண்ணீரில் மெலிசாகச் சாம்பல் மிதந்தது.
ஊதிவிட்டுக் குடித்தேன்.