நாலாவது வரி

அக்ரிமெண்டில் நாலாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
எழுதாமல் வாயால் சொன்னது:
"சமையல் சைவமா இருந்தா நல்லது."
பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தபின்
மடிப்பாக்கத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.
காலண்டர் ஃபிரிட்ஜின்மேல் சாய்ந்திருக்கிறது.
கல்யாண போட்டோ கட்டிலுக்கடியில் கிடந்து
நாங்கள் தூங்குவதைக் கீழிருந்து பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை
பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாய் முளைத்த
அந்த வெளிநாட்டுக் கடைக்குப் போனோம்.
வாசலில் பென்சில் தருகிறார்கள், சும்மா.
எழிலன் நாலு எடுத்துக்கொண்டான்.
தரையில் அம்புக்குறி.
வேளச்சேரி சிக்னலை மதிக்காத ஊர்
இங்கே அம்பு காட்டிய பக்கமே
ட்ராலி தள்ளிப் போகிறது.

முப்பத்தைந்து சதுர மீட்டர் என்று எழுதி
கடைக்குள்ளேயே ஒரு வீடு.
எங்களுடையதைவிட முப்பது சதுர அடி சின்னது,
ஆனாலும் பெரிசாக இருந்தது.
டிவி அட்டையில் செய்தது.
ஜன்னலுக்கு அப்பால் ட்யூப்லைட்,
அதுதான் வெயில்.
குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை.
"மே மாசம் போல," என்றான் எழிலன்.
நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரே சுவரில் பதினேழு ஆணி.
தட்டு, கண்ணாடி, வைக்கோல் தொப்பி,
யாரென்றே தெரியாத யாரோ சிரிக்கும் போட்டோ.
நான் எண்ணி முடிப்பதற்குள்
ஒரு குடும்பம் கட்டிலில் செருப்போடு படுத்து
செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் க்யூ.
எட்டுக் கோழி உருண்டை, மசித்த உருளைக்கிழங்கு,
பழுப்பாய் ஒரு குழம்பு, ஓரத்தில் சிவப்பு ஜாம்.
"குழம்புக்கு ஜாமா?"
"அடைக்கு வெல்லம்னு நினைச்சுக்கோ."
நாலாவது உருண்டை வாயில் இருந்தபோது
எதிர் மேஜையில் வைகுந்தம் சார்.
எங்கள் வீட்டு ஓனர்.
இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை,
தட்டில் காய்கறி உருண்டை.
முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
முள்கரண்டியோடு வணக்கம் வைத்தேன்.

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்து
எங்களோடு உட்கார்ந்தார்.
அட்வான்ஸ் தொகை கண்முன் வந்து போனது.
"பையன் இந்தக் கடைக்காரங்க நாட்டுலதான் இருக்கான்.
ஆறு வருஷம் ஆச்சு.
லீவு நாள்ல இதத்தான் சாப்பிடுறேன்னான்."
எங்கள் தட்டையே பார்த்தார்.
"இது காய்கறி இல்லையே?"
"இல்ல சார்."
"எப்படி இருக்கு?"

எழிலன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான்.
"உப்பு கொஞ்சம் கம்மி சார்," என்றேன்.
மருந்துச் சீட்டைக் கேட்டுக்கொள்பவர்போலத் தலையாட்டினார்.
"காரம்?"
"இல்லவே இல்ல."
"அவனுக்குக் காரம் ஆகாது."
கொஞ்சம் கழித்து,
"சின்ன வயசுல ஆகாது. இப்ப தெரியல."
என் பையில் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது.
பிரித்து நடுவில் வைத்தேன்.
மூன்று பேரும் அவரவர் உருண்டைக்குத் தொட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பூட்டினோம்.
விளக்கத் தாளில் ஒரு சொல் கிடையாது,
ஒரு மொட்டைப் பொம்மை மட்டும் சிரித்துக்கொண்டே எல்லாம் செய்கிறது.
கடைசிப் பக்கத்தில் அலமாரி அதன் தலையில் சாய,
அடுத்த படத்தில் சுவரில் துளை போடச் சொல்கிறார்கள்.
"கேட்டுப் பார்க்கலாமா?"
"இன்னிக்கு வேண்டாம்."
அக்ரிமெண்ட் ஜெராக்ஸை நாலாய் மடித்து
ஆடுகிற காலுக்கடியில் செருகினான்.

இரவு பதினொன்று. மேல்மாடியில்
டொக்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
டொக், டொக்.
"ஆணியா?"
"இருக்காது. அந்த மரக்குச்சியை இறக்குறார்."
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
சுத்தியல் சத்தம்போல இல்லை.
சப்பாத்திக் கட்டையாக இருக்கலாம்.