4.52க்குப் பிறகு

ரயில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.
பொன்னேரியில் அள்ளி
கும்மிடிப்பூண்டியில் கொட்டிவிட்டு
மூச்சு வாங்கி நிற்கும், 4.52க்கு.
அதற்கு மேலும் தண்டவாளம் உண்டு,
உத்தரவு இல்லை.
சூலூர்பேட்டை வரை போகிற வண்டி
எங்கள் ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் வரும்.

போனில் வரைபடத்தைத் திறந்தால்
ரயிலுக்குக் கெட்டியான கோடு,
எங்களுக்கு நீலப் புள்ளிகள்.
புள்ளி வைத்த யாரோ
கோலத்தை முடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்கள்.

முதல் துண்டு பால் வண்டி.
வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை கேன்களுக்கு நடுவில்,
முழங்காலில் ஈரம்.
இரண்டாவது ரயில்.
மூன்றாவது கோதண்டத்தின் ஷேர் ஆட்டோ:
ஏழு பேர், ஏழு டிபன் பாக்ஸ்,
வெளியே தொங்கும் ஒரு கால் எப்போதும் என்னுடையது.
ஆரம்பாக்கம் தாண்டி
எல்லைப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால்
மாடு வாய்க்காலைக் கண்டதுபோல் வண்டி தயங்கும்.
பர்மிட் அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் பிடித்தால் ஐந்நூறா ஆயிரமா என்பது
பிடிக்கிறவர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தார் என்பதைப் பொறுத்தது.

நாலாவது துண்டுக்குப் பெயர் கிடையாது.
ஒண்ணேகால் கிலோமீட்டர்.
லாரி வெளிச்சம் முதுகில் ஏறி
நிழலை முன்னால் தள்ளி
அந்த நிழல்மேலேயே ஓட்டிக்கொண்டு போகும்.
பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று.
அமுலு கையில் ஒரு கல் வைத்திருப்பாள்.
நாய்களுக்கு என்பாள்.
நாய்களுக்கு மட்டுமா என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

திரும்பும்போது வெயில் இருக்கும்,
அதே ரோடு அதில் பாதிதான் இருக்கும்.

கம்பெனி பஸ் உண்டு, நிரந்தரமானவர்களுக்கு.
நாங்கள் காண்ட்ராக்ட்.
ஆறு மணி இரண்டு நிமிடம் என்றால் அரை நாள் சம்பளம் போச்சு.

மனு எழுதினேன், திருவள்ளூருக்கு ஒன்று.
அந்தப் பக்கத்துக்கு ஒன்று,
அதை வீட்டில் தெலுங்கு பேசும் சுஜனா எழுதினாள்.
குறிப்பிட்ட சாலை எமது எல்லைக்கு அப்பாற்பட்டது, என்றது முதல் பதில்.
மனுதாரர்கள் எமது மாநிலத்தவர் அல்லர், என்றது இரண்டாவது.
பொய் சொல்லவில்லை இருவரும்.
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
நடுவில் ஒரு ரோடு தெரிகிறது,
அதில் ஏழு பேர் வேகமாகப் போகிறார்கள்.

தடா கூட்டுரோட்டில் நிற்கும் பெஞ்சலய்யாவிடம்
கணக்குப் போட்டுக் காட்டினோம்,
டிபன் பாக்ஸ் மூடிமேல் காகிதம் வைத்து:
தலைக்கு ஐந்து ரூபாய் கூட, இருபத்தாறு நாள்,
தொள்ளாயிரத்துப் பத்து, முன்பணமாக.
பலகை வரை வந்தால் போதும்.
அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"வஸ்தானு," என்றார். "கானி ஆலஸ்யம் செய்யகூடது."

தாமதத்துக்கு வழி கோதண்டம் சொன்னது.
ரயில் நுழைந்ததும் மிஸ்டு கால்.
இரண்டு ரிங் என்றால் கிளம்பி வா.
நாலு என்றால் ரயில் லேட், டீ குடி.
ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது,
ரிங்குக்கு எழுத்து தேவைப்படவில்லை.

இப்போது இரண்டு ஆட்டோவும்
பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
முகத்துக்கு முகம் நிற்கின்றன.
நடுவில் பதினோரு அடி.
செருப்போடு அளந்தேன்.
மழை வந்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும்,
யாரோ மூன்று செங்கல் போட்டிருக்கிறார்கள்,
எந்த மாநிலத்துச் செங்கல் என்று தெரியாது.

எட்டு மாதமாக யாருக்கும் சம்பளம் வெட்டவில்லை.

நேற்று கோதண்டத்துக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தது.
பலகைக்கு அந்தப் பக்கம்
இருட்டு மட்டும் வந்து நின்றது.
ஐந்து நிமிடம் பார்த்தோம்.
அமுலு பையைத் திறந்தாள்,
டிபன் பாக்ஸுக்கு அடியில் கைவிட்டு
கல்லை எடுத்தாள்.