முப்பத்துமூன்றில் சுழன்றது

ஹைஃபாவிலிருந்து வந்த கப்பல்
ஒன்பது நாள் நின்று தேயிலை ஏற்றியது.
அதன் சமையற்காரன்
றெக்ஸ் பார்த்தலோட்டிடம் சப்பாத்துத் தைத்தான்.
காசு போதவில்லை.
ஒரு சின்ன இசைத்தட்டை மேசையில் வைத்துவிட்டுக்
கப்பலேறிப் போனான்.

உறையில் நாலு பேர்.
நாலு பேருக்கும் ஒரே நீளத் தலைமயிர்,
ஏதோ மதிலில் சாய்ந்திருந்தார்கள்.
எழுத்து பிடிபடவில்லை.
ஜமாலியா நிஸ்தார் விரல் வைத்துப் பார்த்தான்:
"இதுவும் வலப்பக்கத்தாலதான் ஓடுது போல.
மிச்சம் தெரியா."

விமலசூரியவின் கிராமபோனில்
வேகம் மாற்றும் நெம்பு முறிந்து
முப்பத்துமூன்றிலேயே இறுகிக் கிடந்தது.
நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய பாட்டு
எங்களுக்கு இப்படித்தான் கேட்டது:
சேற்றில் கால் புதையப் புதைய நடக்கும் கிற்றார்,
கிணற்றுக்கடியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல்.
"கஞ்சா அடிச்சிட்டுப் பாடியிருக்கிறாங்கள்"
என்றான் குலவீரசிங்கம்.
பிறகு ஒரு மணித்தியாலம்
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழும் ஏழு சூடு.
ஏழாவதை ஒரு வாளிக்கு மேல் யாரும் தாங்கமாட்டார்கள் என்பது
நாங்களே கட்டிவிட்ட கதை.
'செவன்த் வெல்' என்று பெயர் வைத்தோம்.

சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் யுத்தத்துக்குக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்.
வெறுமையாய் ஒன்று.
காவலாளிக்கு அரைப் போத்தல் சாராயம்,
எங்களுக்கு லொறி பற்றரி இரண்டு.
நிஸ்தார் ஒரே ஒரு அடி அடித்தான்.
அது போய், இரும்பைச் சுற்றி,
வயதாகித் திரும்பி வந்தது.

நேவி கழித்த வால்வுகளால்
விமலசூரிய கட்டிய ஒலிபெருக்கி கரகரத்தது.
திருத்துகிறேன் என்றான் வெட்கப்பட்டு.
தொடாதே என்று கெஞ்சினோம்.

பாடியது நான்.
ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.
கணக்குக் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதிவைத்து
அந்த ஆம்பிளைக் குரலுக்குள் இறங்கப் பார்த்தேன்.
சில இடங்களில்
தொண்டையில் மீன்முள் வேண்டியிருந்தது.

மேடையேறியது ஒரே தரம்.
துறைமுகத் தொழிலாளர் மண்டபம், எழுபத்தொன்று, மாசி.
"பைலா போடு!" என்று கத்தினார்கள்.
ஆறாவது நிமிடம் மின்சாரம் நின்றது,
நிஸ்தார் நிற்கவில்லை.
முன்வரிசையில் ஒரு கிறேன் இயக்குநர்
செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்தார்.
எறியப் போகிறார் என்று குனிந்தேன்.
இருட்டில் அவர்
கதிரைக் காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறக்க முன் ஊரடங்கு.
நாடெங்கும் பெடியன்களைத் தேடினார்கள்.
விமலசூரியவின் அறையில் வயர், வால்வு, பற்றரி.
அதெல்லாம் பாட்டுச் சாமான் என்று சொல்ல
எங்களில் ஒருவரும் போகவில்லை.
ஒலிபெருக்கியைப் பின்னேரம் ஜீப்பில் ஏற்றினார்கள்.
அவனைக் காலையிலேயே.

இதை நான் இதுவரை
எங்கும் சொன்னதில்லை.

பதிவு ஒன்றும் இல்லை.
ஒரு படம் இருந்தது, தொண்ணூறில் வீட்டோடு எரிந்தது.

போன வருடம் மெல்பேணிலிருந்து றெக்ஸ் அனுப்பினான்:
"அந்தப் பாட்டு கிடைச்சிட்டுது மச்சான்,
சரியான வேகத்தில."
இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.
துள்ளுகிறது,
கலியாண வீட்டுக்குப் போகிற பஸ் மாதிரி.
பாடுவது ஒரு பெண்.
உறையில் இடமிருந்து இரண்டாவது.
மூன்று தட்டுப் போட்டார்களாம்,
பிறகு பட்டாளம் கூப்பிட்டதாம்.
பாட்டின் பொருளையும் எழுதியிருந்தான்.
அந்த வரிகளை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன்.

வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம் என்று
மகள் திரையில் காட்டினாள்.
வேண்டாம் என்றேன்.

முறிந்த நெம்புக்குப் பதிலாக
விமலசூரிய ஒரு பித்தளைத் துண்டை
அராவி வைத்திருந்தான்.
அளவு சரி.
வருடப்பிறப்பு முடியட்டும்,
போட்டுத் தாறேன் என்றான்.