எழுபத்திரண்டு வோல்ட்

பன்னிரண்டு பெட்டி ஈயம்.
பெட்டிக்கு முப்பது கிலோ.
நான் நாற்பத்தெட்டு.
லகன்கேலிலிருந்து ரத்னா பார்க்,
ரத்னா பார்க்கிலிருந்து லகன்கேல்,
எட்டு வருஷமாக நான் இழுத்ததில்
மூன்றில் ஒரு பங்கு
காசு தராத எடை.

ஆனாலும் ஈயத்துக்கு மறைக்கத் தெரியாது.
மதியம் தாண்டினால்
குப்பண்டோல் ஏற்றத்தில் முனகும்.
முகப்பு விளக்கு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும்.
இன்னும் ஒரு நடை தாங்குவேன்
இரண்டு கேட்காதே என்று
ஆக்ஸிலேட்டர் வழியாக உள்ளங்காலுக்குச் சொல்லிவிடும்.

என் குர்த்தா எல்லாவற்றிலும்
இடுப்புக்குக் கீழே பொத்தல்.
ஆசிட் தெறித்தது அப்போது தெரியாது.
துவைக்கும்போதுதான் துணி ஒப்புக்கொள்ளும்.

ஆசகாஜி ஒரே பிற்பகலில் மாற்றிவிட்டான்.
புதுப் பெட்டி மீன்தொட்டி அளவுதான்.
"தண்ணீர் ஊற்ற வேண்டாம், தீதி.
மத்தியானம் மாற்ற வேண்டாம்.
மாசாமாசம் கடனை மட்டும் ஊற்று."
பழையதை காயலான்கடைக்காரன்
தராசில் ஏற்றினான்.
பாரமாக இருந்ததற்காகவே
அன்றைக்கு ஒருநாள் அதற்கு விலை கிடைத்தது.
முதல் தவணை அதில்தான் கட்டினேன்.

எடை குறைந்த வண்டி
ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது,
தசைன் வரப்போவது தெரியாத ஆட்டுக்குட்டி மாதிரி.
பின்னால் பதினோரு தலைகள் கூரையில் முட்டின.
நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள்.
அதே ஏற்றம். அதே வேகம்.
விளக்கு பால் மாதிரி வெள்ளை.
நின்றுவிட்டது.

முனகல் இல்லை, மங்கல் இல்லை,
வாக்கியத்தின் நடுவில் எழுந்து போனவன் மாதிரி.

எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட
ஒரு குட்டித் திரை இருக்கிறது.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்
காலிஃப்ளவர் மூட்டையை அதன்மேல் சாய்த்திருந்தாள்.

பின்னாலிருந்து டை கட்டிய ஒருவர் கேட்டார்:
"முன்னாடியே எதுவும் தெரியலையா?"

போன மாக மாதம்
பாட்டன் ஆஸ்பத்திரியில் டாக்டரும்
இதே கேள்வியைத்தான் கேட்டார்,
இதே குரலில்.
ஸ்டியரிங் மேல் நான் சாய்வதற்கு
ஒரு நிமிஷம் முன்பு வரை
எல்லோருக்கும் சில்லறையைச்
சரியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆசகாஜிக்கு போன் போட்டேன்.
"அது அப்படித்தான், தீதி.
கடைசி வரைக்கும் ஒரே மூஞ்சி.
தன்னைக் காப்பாத்திக்கத்
தானே அணைஞ்சுக்கும்."
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஈயக் காலத்தில் தள்ள ஆறு பேர் வேண்டும்,
கெஞ்சிக் கூப்பிட வேண்டும்.
இப்போது நானும் காலிஃப்ளவர் அம்மாளும் போதும்.
பல்லைக் கடித்து ஒரே மூச்சில்
மருந்துக்கடை ஓரம் வரை தள்ளினோம்.
அவள் காசு கொடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும்
திரையைப் பார்க்கிறேன்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
இருபதில் திரும்பிவிடுகிறேன்,
ஆள் நின்று கை காட்டினாலும்.

மூட்டைகளைப் பின்னால் வைக்கச் சொல்கிறேன்.